பட்டியலில் முன்னோரைத் தேடுதல்



நம்மில் பலருக்கு ஓர் ஆவல் உண்டு. பாட்டனாரோ பூட்டனாரோ எந்த ஆண்டு கப்பலேறி வந்தார், எந்தத் தோட்டத்தில் முதலில் பேர் பதிந்தார் என்று அறிய விரும்புகிறோம். ஆவணக் காப்பகத்திற்குச் சென்று பட்டியலில் அவர் பெயரைத் தேடுகிறோம். ஒன்றும் அகப்படுவதில்லை. நம்மவரைப் பற்றி எவரும் எழுதி வைக்கவில்லை என்று முடிவு கட்டித் திரும்பிவிடுகிறோம். அம்முடிவு சரிதானா என்பதை இன்று ஆராய்வோம்.

நூலுக்கு ஆசிரியர் உண்டு; தலைப்பு உண்டு. பட்டியலில் நூல் ஒன்றுக்குக் குறிப்பு ஒன்று இருக்கும். ஆவணங்கள் அப்படியல்ல. ஓர் அலுவலகம் ஐம்பது ஆண்டுகளாக எழுதிக் குவித்த கடிதங்கள் அனைத்திற்கும் ஒரே குறிப்பு இருக்கக்கூடும். கடிதங்களுக்குள் வரும் மனிதர்களின் பெயர்கள் அக்குறிப்பில் இரா. கணினி வந்த பின்பும், அது பெரும்பாலும் தேடுவது குறிப்பைத்தான். பெட்டிக்குள் கிடக்கும் தாளை அன்று.

மேலும், ஆவணங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்குவதில்லை. எந்த அலுவலகத்தில் அவை உருவாயினவோ, அந்த அலுவலகத்தின் பெயரிலேயே ஒன்றாக வைப்பார்கள். இக்கொள்கையைப் பிரெஞ்சு அரசாங்கம் 1841-இல் சுற்றறிக்கையாக வெளியிட்டது. 1898-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் மூவர் எழுதிய கையேடு இதனைப் பல நாடுகளுக்கும் பரப்பியது. ஆகவே, நாம் முதலில் கேட்க வேண்டியது, "யாரைப் பற்றி?" என்பதன்று, "யார் எழுதியிருப்பார்?" என்பதேயாகும்.

நம் வட்டாரத்தில் இக்கேள்விக்குரிய விடை காலத்துக்குக் காலம் மாறுகிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் 1826-இல் நீரிணைக் குடியேற்றங்கள் என இணைக்கப்பட்டன. 1867 வரை அவை இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்தன. எனவே அக்காலத்துத் தாள்களை, இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தேட வேண்டும். 1867-இல் அவை குடியேற்ற நாட்டு அமைச்சின் கீழ் வந்தன. அவ்வமைச்சுக்குச் சென்ற கடிதங்கள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 273 என்னும் வரிசையில் உள்ளன. சிலாங்கூர் செயலகத்தின் கோப்புகளோ, 1957-இல் தொடங்கப்பெற்ற மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அடுத்தது சொல். பட்டியல், அதிகாரிகள் அன்று வழங்கிய சொற்களிலேயே பேசுகிறது. தமிழரையும் பிற தென்னிந்தியரையும் அவர்கள் "கிளிங்" என்று குறித்தார்கள். இன்று நாம் இழிவெனக் கருதும் சொல் அது. எனினும், அதை விலக்கிவிட்டுத் தேடினால் பழைய தாள்கள் பல நம் கைக்கு எட்டா. சிங்கப்பூரின் சூலியா தெருவுக்கும் முன்னாளில் கிளிங் தெரு என்றே பெயர். நாகப்பட்டினம் "நெகபட்டாம்" என்றும், தஞ்சாவூர் "டாஞ்சூர்" என்றும் இருக்கும். பினாங்கைப் "பிரின்ஸ் ஆப் வேல்ஸ் தீவு" என்று தேட வேண்டிவரும். பிள்ளை என்னும் ஒரு பெயரையே ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருக்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவரின் பூட்டனார் 1908-ஆம் ஆண்டளவில் சிலாங்கூர் ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளரைக் கொண்டுவரும் செலவுக்காக 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி என ஒன்று ஏற்பட்டது. பின்னர் அது இந்தியர் குடிநுழைவு நிதி எனப் பெயர் மாறிற்று. இவ்விரு பெயர்களாலும் தேட வேண்டும். பிறகு செயலகம், மாவட்ட அலுவலகம், தோட்டத்தின் பெயர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பெருந்தொகுதியிலிருந்து வரிசைக்கும், வரிசையிலிருந்து கோப்புக்கும் படிப்படியாக இறங்குவதே முறை. கோப்பின் தலைப்பு "தோட்ட மருத்துவமனை" என்று மட்டும் இருக்கலாம். உள்ளே இறந்தோர் பட்டியல் இருக்கலாம். கூலி குறைந்ததென்று தொழிலாளர் கொடுத்த மனுவும் இருக்கலாம். கோப்பின் எண்ணை முழுமையாக எழுதி வைத்துக்கொள்வது அவசியம். அந்த எண் இல்லாமல் கோப்பை மறுமுறை கேட்டுப் பெறுவது கடினம்.

இத்தனை செய்தும் பெயர் கிடைக்காமல் போவதுண்டு. ஆள்வோர் எழுதிய தாளில் ஆளப்பட்டோர் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருகிறார்கள். அதனால் நம்மவர் தாமே எழுதியதையும் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மகதூம் சாயபு 1887 முதல் 1890 வரை சிங்கப்பூரில் நடத்திய "சிங்கை நேசன்" வார இதழ் அவ்வகையில் நமக்கொரு செல்வம். சிங்கப்பூரில் 1979-இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணியில் தமிழ்ப் பேட்டிகளும் பதிவாகியுள்ளன.

ஆகவே, பட்டியலில் பெயர் இல்லை என்பதால் ஆவணமே இல்லை என்று பொருளாகாது. கேள்வியை மாற்றிக் கேட்டால் விடையும் மாறக்கூடும். அதோடு, நம் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய கடப்பிதழ், கடிதம், நிழற்படம் ஆகியவற்றையும் எடுத்துப் பார்ப்போம். இது யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி உடன் வைப்போம். அந்த மூன்று விவரங்களும் இல்லாவிட்டால், நாளை நம் பேரப்பிள்ளைகளுக்கு அவை பெயரற்ற காகிதங்களே.