கல்லில் சுட்ட கறி

தார்நாகாவுக்கு வந்து குடியேறிய நாளிலிருந்து ஊர் நண்பர்கள் கேட்பதெல்லாம் பிரியாணி பற்றித்தான். அதற்கு ஆயிரம் பதிவுகள் இருக்கின்றன. நான் சொல்லப்போவது 'பத்தர் கா கோஷ்த்'. பத்தர் என்றால் கல், கோஷ்த் என்றால் கறி.

ஆறாவது நிஜாம் மீர் மஹபூப் அலி கான் (ஆட்சி 1869-1911) பெரிய வேட்டைப் பிரியர். ஒருமுறை காட்டுக்குப் போனபோது சமையல்காரர்கள் கபாப் கம்பியை மறந்துவிட்டு, கருங்கல்லைச் சூடாக்கி அதன்மேல் கறியை வாட்டினார்களாம். கட்டுக்கதையாகவும் இருக்கலாம். ஆனால் தக்காணத்தில் கருங்கல்லுக்கா பஞ்சம்? :-)

என்னைக் கவர்ந்தது கதையல்ல, கறியின் தடிமன். எலும்பில்லாத ஆட்டுக்கறியை மெல்லிசாக அரிந்து, தட்டி, பச்சைப் பப்பாளி, இஞ்சி, பூண்டில் ஊறவைப்பார்கள். முழுத்துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். மெல்லிய துண்டை இரண்டு பக்கமும் நன்றாகச் சுட்டால் வேகாத 'நடு' என்று எதுவும் மிஞ்சாது. சுட்டதும் நேராக வாய்க்குப் போய்விடும். பிரிட்ஜ் இல்லாத காலத்து வெட்டவெளிச் சமையலுக்கு இதுவே பாதி பாதுகாப்பு.

இப்போது ஷவர்மாவைப் பாருங்கள். அடுக்கடுக்காகக் குத்திய கோழியில் வெளிப்புறம் வேகும்போது உட்புறம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கூட்டம் சேர்ந்தால் வேகாததையும் சீவிவிடுவார்கள். கூட்டம் இல்லையென்றால் அடுப்பைத் தணித்துவிடுவார்கள். கிருமிக்குக் கொண்டாட்டம். 2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தாள். 2023 செப்டம்பரில் நம்ம நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி.

இந்த விஷயத்தில் எங்கள் தார்நாகாவுக்கும் பங்குண்டு. 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம், 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இங்கேதான் இருக்கிறது. சத்துக்குறைவைத் தேடி ஆரம்பித்த இடம், 2024-ல் வெளியிட்ட 17 உணவு வழிகாட்டுதல்களில் சுத்தமான, பாதுகாப்பான உணவையும் சேர்த்திருக்கிறது. சத்து எவ்வளவு இருந்தாலும் கெட்டுப்போனால் விஷம்தானே!

மொட்டைமாடியில் கறி சுடக் கிளம்பும் மக்களுக்கு நாலு வார்த்தை:

பச்சைக்கறி வைத்த தட்டிலும் இடுக்கியிலும் வெந்ததைத் தொடாதீர்கள்.

கோழி நடுவில் 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கைமாவில் மேற்பரப்புக் கிருமி உள்ளேயும் கலந்துவிடும். சீக் கபாபை முழுசாக வேகவிடுங்கள்.

சுட்டதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஹைதராபாத் ஏப்ரலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்?

உங்க ஊர்ப்பக்கம் கல்லில் சுடும் வழக்கம் இருந்தால் சொல்லுங்கள்.