மானிப்பாயில் மருத்துவப் பயிற்சி: கிறீனின் மாணாக்கர் விட்டுச்சென்ற வினா

சர்வதேச நிறுவனமொன்றிற் பயிலுநராகச் சேர்ந்து, அதன் அறிவையும் தொழின்முறையையும் கற்றுத் தம் ஊரவர்க்குப் பயன்படுத்த விழையும் இளைஞர் இன்று பலர். சுற்றாடற் கல்வித் துறையில் இவ்வழக்கம் பெருகி வருகிறது. ஆயின், கடல் கடந்த நிறுவனத்திடம் ஈழத்துத் தமிழிளைஞர் பயிற்சி பெறுதல் இக்காலத்துப் புதுமையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாய்க் கிராமத்தில் அது செம்மையாக நடந்தேறியது. அந்நிகழ்ச்சி எழுப்பிய வினா இன்னும் தீராதிருத்தலின், அதனை மீட்டும் ஆராய்தல் தகும்.

பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கத்தார் 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் தம் பணியைத் தொடங்கினர். 1820இல் பண்டத்தரிப்பில் அமர்ந்த டொக்ரர் ஜோன் ஸ்கடர் மருத்துவப் பணியை ஆரம்பித்தார். அவரை அடுத்து டொக்ரர் நேதன் வார்ட் வந்தார். வார்டின் இடத்தை நிரப்ப 1847இல் வந்தவரே சாமுவேல் பிஸ்க் கிறீன். மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் 1822இற் பிறந்த இவர், நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1848இல் மானிப்பாயைத் தம் நிலையமாக்கி, மருந்துச்சாலையோடு மருத்துவ வகுப்பையும் தொடங்கினார்.

கிறீன் தனியொருவர், நோயாளரோ பலர். ஆகவே மாணாக்கர் நூலைப் படித்தனர்; மருந்துச்சாலையில் ஆசிரியருக்கு உதவினர்; நோயாளரை அருகிருந்து கண்டனர். தொழிலைச் செய்தே தொழிலைக் கற்கும் முறை இது. இவர்களுட் சிலர் டான்வர்த், சப்மன் முதலிய அமெரிக்கப் பெயர்களைத் தாங்கியிருந்தனர். மிஷன் பள்ளிகளிற் பயின்ற மாணவர், தம் கல்விச் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயரைப் பெறுதல் அக்கால வழக்கு. பயிற்சி தந்த நிறுவனம் பயின்றவரின் பெயரையே மாற்றவல்லதாய் இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கிறீனின் முதற்கால வகுப்புகள் ஆங்கிலத்தில் நடைபெற்றன. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி ஆங்கிலக் கல்வியை ஊட்டி வந்தமையின், ஆங்கிலமறிந்த மாணவர் கிடைத்தல் அரிதன்று. அம்முறையின் குறையும் விரைவிற் புலப்பட்டது. அரசாங்க உத்தியோகமும் கோப்பித் தோட்டங்களும் ஆங்கிலம் கற்றாரைக் குடாநாட்டிற்கு வெளியே ஈர்த்தன. கிராமத்து மக்களுக்காகப் பயிற்றப்பட்டவர் கிராமத்தை விட்டு நீங்கலாயினர். தாய்மொழிக் கல்வியே மிஷனின் நோக்கத்துக்கு ஏற்றது என்னும் கருத்தும் மிஷன் மேலிடத்தில் வலுப்பெற்றது. அதன் செயலாளர் றூபஸ் அன்டர்சன் யாழ்ப்பாணம் வந்த 1855ஆம் ஆண்டிலேயே செமினரி மூடப்பட்டது.

1857இல் தாயகம் திரும்பிய கிறீன், 1862இல் மீண்டும் மானிப்பாய் வந்தபின், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். பயில்வோர் தமிழராகவே உடுத்து, உண்டு, தம்மவரிடையே வாழ்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1873இல் அவர் இறுதியாக விடைபெறுமுன் பயிற்றிய மருத்துவர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர் என்பர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்வழிக் கற்றோர்.

தமிழில் கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். 1850களிலேயே கற்றரின் நூலைத் தழுவிய அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூலும், பிரசவ வைத்தியமும் வெளிவந்திருந்தன. பின்னர் இரணவைத்தியம் 1867இலும், கிறேயின் உடற்கூற்று நூலாகிய மனுஷ அங்காதிபாதம் 1872இலும், வெல்சின் நூலாகிய கெமிஸ்தம் 1875இலும் அச்சேறின. இவற்றைக் கிறீன் தனித்து ஆக்கினாரல்லர். டான்வர்த், சப்மன், சுவாமிநாதன் முதலிய மாணாக்கர் மொழிபெயர்க்க, அவர் ஒப்புநோக்கித் திருத்தினார். வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லை முதலில் தேடுதல், அது வாயாதவிடத்து வடமொழியை நாடுதல், அதுவும் இயலாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு ஏற்ப அமைத்தல் என்பன அவர்கள் கைக்கொண்ட நெறிகள். கெமிஸ்தம் மூன்றாவது நெறிக்குச் சான்று. ஆகவே பயிலுநராக வந்தோர் துறைக்கு மொழி சமைத்தோராகவும் உயர்ந்தனர். இதுவே மானிப்பாய்ப் பயிற்சியின் தனிச்சிறப்பு எனலாம்.

முதல்நூலின் பெயரில் வரும் உற்பாலனம் என்னும் சொல் தனியே நோக்கற்பாலது. நோய் வருமுன் உடலைப் பேணும் முறையை அது குறித்தது. தூய காற்று, நீர், உணவு, உறைவிடம் என்பனவற்றை உடல் நலத்தோடு தொடர்புபடுத்திய அவ்வறிவு, இன்று சுற்றாடற் கல்வி எனப்படுவதன் ஒரு பகுதியைத் தன்னுள் கொண்டிருந்தது. 1866ஆம் ஆண்டளவில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைப் பெரிதும் வருத்தியபோது, மருந்தளவிற்கு இவ்வறிவும் வேண்டப்பட்டது. மருந்தை மருத்துவன் கொடுக்கலாம். கிணற்றைக் காக்க வேண்டியவர் ஊரவர். ஊரவர்க்கு விளங்கும் மொழியிற் கூறப்படாத சுகாதாரம் பயன்படாது.

இம்முயற்சியின் எல்லைகளையும் மறைத்தல் ஆகாது. மருத்துவப் பணி மதப் பணியின் துணையாகவே மேற்கொள்ளப்பட்டது. தமிழருக்கு மருத்துவ ஊழியன் என்று தம் கல்லறையிற் பொறிக்க விரும்பிய கிறீனுக்கு அவ்விரண்டும் ஒன்றே. மாணவர்க்கோ ஆங்கிலமே பதவிக்கும் பொருளுக்கும் வாயில். தமிழ்வழிக் கல்வியை அனைவரும் மனமுவந்து ஏற்றனர் என்று கொள்ளுதற்கில்லை. 1870இல் கொழும்பில் அரசினர் மருத்துவப் பள்ளி தோன்றி ஆங்கிலத்திற் கற்பித்தது. அரசின் அங்கீகாரமும் ஊதியமும் அப்பக்கம் நின்றன. கிறீன் வூஸ்ரரில் இருந்தவாறே 1884இல் மறையும்வரை நூற்பணியைத் தொடர்ந்தாராயினும், தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப்பின் நிலைபெறவில்லை. சுகரணவாதம், அங்காதிபாதம் என்னும் சொற்களும் வழக்கொழிந்தன. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அமைந்த மருத்துவ பீடமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கலாயிற்று.

இதனை முற்றத் தோல்வி என்று ஒதுக்குதல் பொருந்தாது. கிறீனின் பெயர் தாங்கிய வைத்தியசாலை மானிப்பாயில் நிலைத்தது. அறிவியலைத் தமிழிற் சொல்ல இயலும் என்பதற்கு ஆயிரக்கணக்கான அச்சுப் பக்கங்கள் சான்றாயின. நிலைபெறாதது அம்மொழியன்று, அதனைத் தாங்க வேண்டிய நிறுவன அமைப்பே. தமிழிற் கற்றவனுக்கு மேற்படியும் மதிப்பும் வைக்கப்படாதவிடத்து நூல்கள் மட்டும் என் செய்யும்?

இவ்வினா இன்று வேறு வடிவில் எழுகிறது. யாழ்க் குடாநாடு சுண்ணக்கற் பாறையினூடு கசிந்து தேங்கும் மழைநீரை நம்பி வாழ்வது. உரமும் மலக்குழிக் கழிவும் அந்நீரை எளிதிற் சென்றடையும். மானிப்பாய்க்கு அணித்தான சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றிய அச்சம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்தபோது, ஆய்வு முடிவுகளை ஐயமின்றி விளங்கிக்கொள்ளும் தேவை ஊர்மக்களுக்கு உண்டாயிற்று. சர்வதேசச் சுற்றாடல் நிறுவனங்களிற் பயிலும் இளைஞர் அறிக்கை எழுதும் ஆங்கிலம் அந்நிறுவனங்களுக்குப் போதியது. கிணற்றடியில் நிற்பவருக்குப் போதாது.

பயிற்சி தந்த நிறுவனம் ஒருநாள் விடைபெறும். அதன்பின் எஞ்சுவது பயின்றவரின் சான்றிதழா, ஊரார் கையாளும் அறிவா என்பதே அளவுகோல். டான்வர்த்தும் சப்மனும் சுவாமிநாதனும் தம் ஆசிரியர் மொழியிற் கற்றதைத் தம்மவர் மொழியில் எழுதிவைத்தனர். அவர்கள் தொடங்கியதை முடித்தல் பின்வந்தோர் கடனாக நிற்கிறது.