கண்டி மன்னரும் கோவா நாட்டுத் துறவியும்

கண்டி மாநகரிலிருந்து தலாத்துஓயா வழியாகச் செல்லும் மலைப்பாதை ஹேவாஹெட்டப் பகுதிக்கு இட்டுச் செல்கின்றது. இன்று தேயிலையால் அறியப்படும் இப்பகுதி, 17ஆம் நூற்றாண்டிலே கண்டி இராச்சியத்தின் உள்ளரணாக விளங்கியது. 1664ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் நிலம்பை அரண்மனையை விட்டு நீங்கிய இரண்டாம் இராசசிங்கன், இங்குள்ள அங்குராங்கெத்தையிலேயே நெடுங்காலம் வீற்றிருந்து அரசாண்டான். அக்காலத்திற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயனாகிய றொபேட் நொக்ஸ், 19 ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து, 1679இல் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடினான்.

இதற்குச் சில ஆண்டுகளின் பின் வேறொரு மனிதர் எதிர்த்திசையில் நடந்தார். ஒல்லாந்தர் ஆட்சி செய்த கரையோரத்திலிருந்து கண்டியின் மலைகளை நோக்கித் தாமாகவே வந்த அவர் ஓர் ஆசியர், இந்தியாவின் கோவா நாட்டவர், கத்தோலிக்கக் குரு. யோசப் வாஸ் அடிகளார் என்னும் அவருடைய பணி நிலைபெற்றமைக்கான காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அக்காலச் சூழ்நிலையை நோக்குவோம். இலங்கையிற் கத்தோலிக்க சமயம் போர்த்துக்கேயரின் துணையுடன் பரவிற்று. கோட்டையும் கோயிலும் அருகருகே எழுந்தன. எனவே கோட்டை வீழ்ந்தபோது கோயிலும் வீழ்ந்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானதும் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போர் மரண தண்டனைக்கு உரியவராயினர். அரச பதவியும் சட்டப்படியான திருமணப் பதிவும் புரட்டஸ்தாந்து திருச்சபையைச் சார்ந்தே கிடைத்தன. இவ்வாறு ஏறத்தாழ 30 ஆண்டுகள் இலங்கைக் கத்தோலிக்கர் மேய்ப்பனற்ற மந்தையாக வாழ்ந்தனர்.

யோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தார். கொங்கணிப் பிராமண மரபில் வந்த கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. 1676இற் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் ஐரோப்பியத் துறவிகளின் சபைகளிற் சுதேசிகள் இடம்பெறுதல் அரிதாயிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே கோவாவின் சுதேசக் குருமார் சிலர் தமக்கெனத் தோற்றுவித்த ஒறற்றோரியன் சபையில் 1685இல் அவர் இணைந்தார். அச்சபையைச் சார்ந்தோருக்கு அரசின் படையும் இல்லை, பொருட்பலமும் இல்லை. இவ்வின்மையே பின்னர் அவர்களுக்குத் துணையாயிற்று.

1686இற் கோவாவை விட்டுப் புறப்பட்ட அடிகளார், தூத்துக்குடியிலிருந்து 1687இற் கடல் கடந்து மன்னாரையடைந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். கண்டியில் இரண்டாம் இராசசிங்கன் மறைந்ததும் அவ்வாண்டிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. குருவுக்குரிய உடையைக் களைந்து, கூலியாளின் கந்தலைத் தரித்து, வெறுங்காலுடன் அவர் வந்தார். வந்ததும் வயிற்றுளைச்சலால் வருந்தித் தெருவோரத்தில் வீழ்ந்து கிடந்தார். தேறியபின் கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். அம்மாலையைக் கண்டு முகமலர்ந்தவர் எவரோ அவரே தம்மவர் என அறிந்துகொண்டார். அதிகாரத்துடன் வந்தவன் மக்களைத் தன்முன் வரவழைப்பான். அடிகளாரோ மக்களின் வாசலில் நின்று, அவர்கள் தம்மை இனங்காணும்வரை காத்திருந்தார்.

சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. பகலில் மறைந்திருந்து இரவிற் பூசை நிகழ்த்தினார். தமிழைக் கற்று மக்களுடன் அவர்தம் மொழியிலேயே பேசினார். எனினும் 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் வழிபாட்டிற்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்தனர். அடிகளார் தப்பினார், மக்களுட் பலர் கைதாகிக் கடுந்தண்டனைக்கு உள்ளாயினர். கிறிஸ்தவர் நாட்டிற் கிறிஸ்தவக் குருவுக்கு இடமில்லை என்ற நிலையில், பௌத்த மன்னனின் நாட்டை நோக்கி அவர் திரும்பினார். புத்தளத்திற் சிலகாலம் பணியாற்றியபின் 1692இற் கண்டியை அடைந்தார்.

அங்கும் வரவேற்பு இனிதாக அமையவில்லை. போர்த்துக்கேய ஒற்றன் என்னும் குற்றச்சாட்டின்பேரில் அவர் சிறையிடப்பட்டார். சிறையில் இருந்த காலத்தைச் சிங்களம் கற்பதிற் செலவிட்டார். மெல்ல மெல்லச் சிறுகுடிசையொன்றைக் கோயிலாக்கினார். 1658இன் பின் கண்டியிற் குடியேறிய கத்தோலிக்கரின் வழித்தோன்றல்கள் அவரைத் தேடி வந்தனர். பின்னர் நாட்டில் மழையின்றி வறட்சி நேர்ந்தபோது, மன்னன் விமலதர்மசூரியன் அவரையும் வேண்டுதல் செய்யக் கேட்டான் எனவும், அவர் வேண்ட மழை பொழிந்தது எனவும் மரபுரை கூறும். மழை பொழிந்தது எவ்வாறு என்பது சமய நம்பிக்கைக்குரிய வினா. பிற சமயத்தவனான ஒரு கைதியிடம் நாட்டுக்காக வேண்டுமாறு மன்னன் கேட்டதாக மக்கள் நினைவிற் கொண்டனர் என்பதே வரலாற்று மாணவனின் கருத்தைக் கவர்வது.

அடிகளாரின் பணியில் 1697ஆம் ஆண்டு சிறப்பிடம் பெறுகின்றது. கண்டியில் அம்மை நோய் கொடூரமாகப் பரவிற்று. மன்னனும் பிரதானிகளும் நகரை நீங்கினர். நோயுற்றோரை உறவினரே காட்டில் விட்டுச் சென்றனர். அடிகளாரும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவருடைய மருகரான யோசப் கர்வாலோ அடிகளும், நோயாளரைத் தேடிச் சென்று கஞ்சி வார்த்தனர், புண்களைக் கழுவினர், குடில் அமைத்தனர், இறந்தோரை அடக்கஞ் செய்தனர். இவர் கத்தோலிக்கர், இவர் பௌத்தர் என்ற வேறுபாடு அங்கு பார்க்கப்படவில்லை. ஒற்றன் என ஐயுறப்பட்டவர் நகரத்தாரின் நெஞ்சில் இடம்பெற்றது இதனாலேயே எனலாம். நூறு பிரசங்கங்கள் செய்ய முடியாததை ஒரு கலயக் கஞ்சி செய்தது.

மன்னனின் பெருந்தன்மையை வெறும் அரசியற் கணக்கென ஒதுக்குவாரும் உளர். ஒல்லாந்தரின் பகைவர் கண்டிக்கு வேண்டியவராயினர் என்பதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அது முழு உண்மையன்று. தளர்ந்துபோன பௌத்த சங்கத்தை மீட்டெடுக்க அரக்கான் நாட்டிலிருந்து பிக்குமாரை வரவழைத்து உபசம்பதைச் சடங்கை 1697இல் நிகழ்வித்தவனும் இதே விமலதர்மசூரியனே. தன் சமயத்திற் பற்றின்மையாற் பிற சமயத்தை அனுமதித்தவன் அல்லன் அவன். தன் சமயத்தில் ஊன்றி நின்றுகொண்டே பிறருக்கு நிழல் தந்தான். அவனுக்குப்பின் 1707இல் அரியணையேறிய நரேந்திரசிங்கனும் அவ்வாதரவைத் தொடர்ந்தான். 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றியமை அந்நிழலின் பயனேயாகும்.

ஆனால் அந்நிழல் என்றும் நிலைக்கவில்லை. 1739இல் ஸ்ரீ விஜய இராசசிங்கன் அரசேறியபின், 1740களிற் கத்தோலிக்கக் குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர், கோயில்கள் அழிந்தன. வியப்பிற்குரியது யாதெனில், கோட்டையோடு வந்த சமயம் கோட்டையோடு சரிந்தது; கந்தலோடு வந்த பணியோ அரச ஆதரவு அகன்றபின்னும் அழியவில்லை. குரு இல்லாத காலத்திலும் ஊர்மக்களே செபம் சொல்லி, ஞானஸ்நானம் வழங்கி, சமயத்தைக் காக்க அடிகளார் பழக்கியிருந்தார். அவர் செய்தது சமயத்தைப் பரப்பியது என்பதினும், சிதறியவரை ஒன்றுதிரட்டித் தம் காலில் நிற்கச் செய்தது என்பதே பொருந்தும்.

அடிகளார் 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி கண்டியிற் காலமானார். 24 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் தாயகம் திரும்பவில்லை. 1995இற் கொழும்பில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி காலிமுகத்திடலிற் புனிதராகவும் அவர் பிரகடனஞ் செய்யப்பட்டார். ஆயினும் அவருடைய சமாதி இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது.

ஹேவாஹெட்டத் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு இவ்வரலாற்றில் ஒரு சொல் உறுத்துகின்றது. அது 'கூலி' என்னும் சொல். அடிகளார் வந்திறங்கிய அதே மன்னார்க் கரையில், 19ஆம் நூற்றாண்டில் எம் முன்னோர் இறங்கினர். மாத்தளை வழியாகக் காடு கடந்து, கோப்பிக்கும், 1867இல் இப்பகுதியின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைக்குமாக இம்மலைகளை அடைந்தனர். அடிகளாருக்கு அவ்வுடை வேடம். எம்மவருக்கோ அதுவே வாழ்வு. வழியில் வீழ்ந்தோரின் சமாதிகளும் எவருக்கும் தெரியா. கையில் ஏதுமின்றி வந்த அந்நியனை ஒரு நாடு எவ்வாறு ஏற்றது என்பதை அறிய விழைவோர், 1690களின் கண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் வேண்டும். அங்கே ஐயமும் இருந்தது, சிறையும் இருந்தது. ஆனால் இறுதியில் ஒரு கதவு திறந்தது. அது திறந்திருந்த காலத்தில் இரு சாராரும் வளர்ந்தனர் என்பதே வரலாறு நமக்குத் தரும் பாடமாகும்.