நண்டின் காலும் நமது இரத்த அழுத்தமும்

இரத்த அழுத்தம் மிகுந்தவரிடம் மருத்துவர், "உணவில் உப்பைக் குறையுங்கள்" என்கிறார். உப்புக்கும் இரத்தக் குழாய்க்கும் என்ன உறவு? இதற்கு விடை தேடிய வரலாற்றில் டென்மார்க் நாட்டுக் கடற்கரை நண்டுக்கும் ஓர் இடம் உண்டு.

நம் உயிரணுக்களின் உள்ளே பொட்டாசியம் மிகுதி. வெளியே ஸோடியம் மிகுதி. வெளியிலுள்ள ஸோடியம் ஓயாது உள்ளே கசிகிறது. பள்ளத்து நீர் தானாக மேடேறாது அல்லவா? ஆகவே, கசிந்ததை இறைத்து வெளியேற்ற ஒரு 'பம்பு' இருத்தல் வேண்டும் என்று அறிஞர் கருதினர். அஃது எப்பொருளால் ஆனது என்பதுதான் விளங்கவில்லை.

ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யென்ஸ் ஸ்கோ அதைத் தேடிப் புறப்பட்டவரல்லர். மருத்துவம் பயின்ற அவர், மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் நரம்பில் எவ்வாறு வேலை செய்கின்றன என்றே ஆராய்ந்தார். அதற்காக நண்டுக் கால்களின் நரம்புகளை அரைத்து, அவற்றிலுள்ள ஓர் என்ஸைமைச் சோதித்தார். ("நண்டு நரம்பால் யாருக்கு என்ன பயன், ஐயா?" என்று என் பழைய மாணவர்கள் கட்டாயம் கேட்டிருப்பார்கள்.) ஏ.டி.பி. என்னும் ஆற்றல் தரும் பொருளை அந்த என்ஸைம் சிதைப்பது. ஸோடியமும் பொட்டாசியமும் ஒருங்கே இருந்தபோதுதான் அது விரைந்து வேலை செய்தது! 1957-இல் இதனை வெளியிட்ட ஸ்கோ, கட்டுரைத் தலைப்பில் 'பம்பு' என்ற சொல்லையே சேர்க்கவில்லை. அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மறு ஆண்டு வியன்னாவில் ராபர்ட் போஸ்ட் என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். ஆப்பிரிக்க வேடர் அம்பில் தடவும் ஊவாபெயின் என்ற நஞ்சு பம்பை நிறுத்திவிடும் என்பதை அவர் வாயிலாக அறிந்தார். நண்டின் என்ஸைமும் அந்நஞ்சுக்கு அடங்கியது. பம்பு அகப்பட்டுவிட்டது! ஒரு முறை இறைக்கும்போது 3 ஸோடியம் வெளியே செல்ல, 2 பொட்டாசியம் உள்ளே வருகின்றன. 1997-ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசில் பாதி ஸ்கோவுக்குக் கிடைத்தது.

இரத்த அழுத்தத்திற்கு வருவோம். 1977-இல் மோர்டெகை பிளாஸ்டீன் ஒரு கருதுகோளை முன்வைத்தார். உடலில் உப்பு தேங்கினால், பம்பைத் தடுக்கும் ஒரு பொருள் இரத்தத்தில் மிகும், குழாய்களின் தசையணுக்களில் ஸோடியம் சேரும், அதனால் அங்கே கால்ஷியமும் மிகும், தசை இறுகிக் குழாய் குறுகும், அழுத்தம் ஏறும். 1991-இல் ஊவாபெயினே மனித இரத்தத்தில் உள்ளது என்று ஒரு குழுவினர் அறிவித்தனர். வேறு சிலர் அதை ஏற்கவில்லை. அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

ஐயத்திற்கிடமின்றிப் பம்பே பழுதான நிலையும் உண்டு. அட்ரினல் சுரப்பியில் தோன்றும் ஒருவகைக் கட்டிகள் சிலவற்றில், இப்பம்பின் மரபணு மாறியிருப்பதை 2013-இல் கண்டனர். அக்கட்டிகள் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கின்றன, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அழுத்தம் உயர்கிறது. அறுவை மருத்துவத்தால் கட்டியை அகற்றியபின் பலருக்கு அது தணிகிறது.