டிரினிடாட்–டொபேகோ: பயணிகளுக்கான போக்குவரத்து

வெனிசுவேலாவின் கரையை ஒட்டிக் கிடக்கும் இரட்டைத் தீவு நாடான டிரினிடாட்–டொபேகோவில் இன்று ரயில் கிடையாது. 1876-இல் ஓடத் தொடங்கிய அரசு ரயில் 1968-இல் நின்றுபோனது. ஆனால் அதன் தடம் அழியவில்லை. தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் பழைய ரயில் நிலையம்தான் இப்போது சிட்டி கேட் என்ற பேருந்து முனையம். அங்கிருந்து கிழக்கே அரிமா வரை தண்டவாளம் போன வழியைச் சாலையாக்கி, பேருந்துகளுக்கும் மேக்சி டாக்சிகளுக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். அனுமதிச் சீட்டு உள்ள சில வாகனங்களும் போகலாம். காலையில் பக்கத்து நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது மேக்சி இந்தத் தடத்தில் பறந்துவிடும்.

மேக்சி டாக்சி என்பது டாக்சி அல்ல, வேன். 12 பேரோ 25 பேரோ ஏறும் வெள்ளை வண்டி. 1970களின் பிற்பகுதியில் சட்டப்படி முறைப்படுத்தப்பட்டது. எங்கே போகிறது என்பதைப் பக்கவாட்டில் ஓடும் வண்ணப் பட்டை சொல்லிவிடும். மஞ்சள் என்றால் தலைநகரும் அதன் மேற்குப் பகுதிகளும், சிவப்பு கிழக்கே அரிமா பக்கம், பச்சை சாகுவானாஸ், சான் ஃபெர்னாண்டோ வழி, கறுப்பு பிரின்ஸஸ் டவுன், பழுப்பு தென்மேற்கு, நீலம் டொபேகோ. வண்டிகள் தனியார் உரிமையாளர்களின் கையில் இருப்பதால் நேர அட்டவணையை எதிர்பார்க்கக் கூடாது. வண்டி நிறைந்தால் கிளம்பும். இறங்குமிடம் வந்ததும் மணியை அழுத்தி, இறங்கும்போது காசு கொடுப்பது வழக்கம். ஏறியவுடன் பொதுவாக எல்லாருக்குமாக ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். இருட்டிய பிறகு அந்த வணக்கம் ‘குட் நைட்’. சொல்பவர் விடைபெறுகிறார் என்று நினைத்துக் குழம்பும் வெளியூர்க்காரர்கள் உண்டு.

சாதாரணக் கார்களும் இதேபோல் குறிப்பிட்ட தடத்தில் ஆட்களைப் பகிர்ந்து ஏற்றிச் செல்கின்றன. இவற்றை எண் பலகையைப் பார்த்து அடையாளம் காணலாம். ‘எச்’ என்ற எழுத்தில் தொடங்கினால் உரிமம் பெற்ற வாடகை வண்டி; ‘பி’ தனியார் கார்; ‘ஆர்’ ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விடுவது. தனியார் காரையே டாக்சியாக ஓட்டுவதை ‘பி.எச்.’ என்பார்கள். சட்டத்துக்குப் புறம்பானது, ஆனாலும் உள்ளூர்க்காரர்கள் தயங்காமல் ஏறுகிறார்கள். புதிதாக வந்தவர் அதைத் தவிர்ப்பதே நல்லது. எந்த டாக்சியிலும் மீட்டர் இல்லை. தனி ஆளாக வண்டியை எடுத்தால் ஏறுமுன் கட்டணத்தைப் பேசிவிட வேண்டும். ஊபர் 2017-இல் வந்து 2018-இல் போய்விட்டது.

பியார்கோ விமான நிலையம் தலைநகருக்குக் கிழக்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் உள்ளது. அரசுப் பேருந்தில் நகருக்குள் வந்துவிடலாம், மலிவும்கூட. ஆனால் பேருந்தில் ஓட்டுநர் காசு வாங்கமாட்டார். சீட்டை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். தெற்கே சான் ஃபெர்னாண்டோவுக்குப் போகிறவர்களுக்கு 2008 டிசம்பரில் தொடங்கிய வாட்டர் டாக்சி படகு உண்டு. நெடுஞ்சாலை நெரிசலைத் தவிர்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

டொபேகோவுக்கு இரண்டு வழிகள். விமானத்தில் சுமார் 25 நிமிடம். போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து ஸ்கார்பரோவுக்குச் செல்லும் வேகக் கப்பலில் மூன்று, நான்கு மணி நேரம், காரையும் ஏற்றிக்கொள்ளலாம். அலையைத் தாங்காத வயிறு உள்ளவர்கள் விமானத்தையே எடுக்கட்டும். ஈஸ்டர் வாரத்தில் பூக்கூ கிராமத்து ஆட்டு ஓட்டப்பந்தயத்துக்காகக் கூட்டம் அலைமோதும். அப்போது எதிலும் இடம் கிடைப்பது கடினம். தலைநகரில் கார்னிவல் திருவிழாவின் திங்களும் செவ்வாயும் இன்னொரு தலைவலி: தெருக்கள் ஊர்வலத்துக்கு விடப்படுவதால் நகருக்குள் நடைதான்.

காரை வாடகைக்கு எடுப்பவர் இடப்பக்கம் ஓட்ட வேண்டும். டிரினிடாடின் மத்தியச் சமவெளியில் ‘மெட்ராஸ் செட்டில்மென்ட்’ என்ற ஊர்ப் பெயரும் கண்ணில் படும். 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களும் இருந்தனர். அழகான சவாரி வடக்குக் கடற்கரைச் சாலையில்தான். சாகுவாராமாஸ் தீபகற்பத்தைப் படைத் தளத்துக்காக எடுத்துக்கொண்டதற்கு ஈடாக 1944-இல் அமெரிக்கர்கள் மலையை வெட்டிப் போட்டுக் கொடுத்த சாலை அது. மராகஸ் கடற்கரையில் கொண்டுபோய் விடும். அந்தப் பக்கம் மேக்சிகள் அரிது. கார் இல்லாமல் போகிறவர் திரும்புவதற்கான வண்டியையும் சேர்த்தே பேசிக்கொள்ள வேண்டும்.