கைக்குழந்தையோடு ரோமில்: ஜாய்சும் டோரும்

1906ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசி நாளில் ரோம் நகருக்கு ஓர் ஐரிஷ் குடும்பம் வந்து இறங்கியது. கணவனுக்கு 24 வயது, மனைவிக்கு 22. கையில் இருந்த மகனுக்கு நான்கு நாள் முன்புதான் ஒரு வயது நிறைந்திருந்தது. வியா ஃப்ராத்தினா தெருவில் 52ஆம் எண் வீட்டில் வாடகைக்கு அறை பிடித்தார்கள். கணவன் பெயர் ஜேம்ஸ் ஜாய்ஸ், மனைவி நோரா, குழந்தை ஜார்ஜியோ. சட்டப்படி அவர்கள் திருமணம் செய்துகொண்டது 1931இல்தான். என்றாலும் 1904இல் டப்ளினை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே அது குடும்பம்தான்.

அந்தத் தெருவிலிருந்து டைபர் ஆற்றைத் தாண்டி ஜானிகுலம் குன்றின் மேல் ஏறினால் அமெரிக்கன் அகாதமி வரும். நடந்தே போய்விடக்கூடிய தூரம். ஜாய்ஸ் ரோமில் இருந்தபோது அதன் இன்றைய தலைமைக் கட்டடம் எழும்பியிருக்கவில்லை, 1914இல்தான் முடிந்தது. அங்கேதான் 2004இன் இலையுதிர் காலத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஆண்டனி டோர் தன் மனைவியோடும் ஆறு மாத இரட்டை ஆண் குழந்தைகளோடும் வந்து ஓராண்டு தங்கினார். அந்த ஆண்டைப் பற்றி அவர் எழுதிய ‘ஃபோர் சீசன்ஸ் இன் ரோம்’ 2007இல் வெளிவந்தது. ஜாய்ஸ் தன் ரோம் வாழ்க்கையைப் பற்றி நூல் எதுவும் எழுதவில்லை. திரியெஸ்தே நகரில் இருந்த தம்பி ஸ்தானிஸ்லாசுக்கு அவர் எழுதிய கடிதங்களிலிருந்துதான் அந்த ஏழு மாதங்களை நாம் தெரிந்துகொள்கிறோம்.

இலக்கியத் தட்டில் வைத்து இருவரையும் நிறுப்பது என் நோக்கமல்ல, அதற்குத் தேவையும் இல்லை. வெளிநாட்டில், மொழியும் உறவும் இல்லாத ஊரில், பச்சிளம் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருவர் எழுத முயலும்போது என்ன நடக்கிறது என்பதே என் கேள்வி. நகரம் ஒன்றாகவே இருப்பதால் பணம், நேரம், ஆள்துணை ஆகியவை செய்யும் வேலை தெளிவாகத் தெரிகிறது.

ஜாய்ஸ் ரோமைத் தேடி வந்தவரல்ல. திரியெஸ்தேயில் அவர் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த பெர்லிட்ஸ் பள்ளி தள்ளாடிக்கொண்டிருந்தது. ரோமில் உள்ள ஒரு தனியார் வங்கிக்குக் கடிதப் போக்குவரத்தைப் பார்க்க மொழி தெரிந்த ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து எழுதிப் போட்டார். மாதம் 250 லிரா சம்பளத்தில் வேலை கிடைத்தது. காலை எட்டரைக்குப் போனால் இரவு ஏழரைக்குத்தான் வெளியே வர முடியும், நடுவில் இரண்டு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. நாள் முழுவதும் வணிகக் கடிதங்களை எழுதித் தள்ளவேண்டும். அந்தச் சம்பளம் போதவில்லை என்று அதற்கு மேலும் ஆங்கிலப் பாடம் எடுத்தார். தம்பிக்குப் போன கடிதங்களில் பாதிக்கு மேல் பணக்கணக்குதான். என்ன சாப்பிட்டோம், எவ்வளவு ஆயிற்று, கையில் எவ்வளவு மிச்சம், நீ எவ்வளவு அனுப்ப முடியும் என்று போகும். ஸ்தானிஸ்லாசும் அப்போது இளைஞர்தான், அவருக்கும் சொற்பச் சம்பளம்தான். இருந்தும் கேட்கும்போதெல்லாம் அனுப்பினார். அந்தத் தம்பி இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் ரோமில் பட்டினி கிடந்திருக்கும்.

டோரின் கதை நேர் எதிர். இரட்டைக் குழந்தைகளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அதே நாளில், ரோம் பரிசு கிடைத்த கடிதம் அவருக்காகக் காத்திருந்தது. எழுத்தாளர்கள் அந்தப் பரிசுக்கு விண்ணப்பிப்பதில்லை. அமெரிக்கக் கலை இலக்கிய அகாதமியே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. ரோமில் ஓராண்டுக்குக் குடியிருப்பு, எழுதத் தனி அறை, மாதாமாதம் உதவித்தொகை. திருப்பிச் செய்யவேண்டியது எதுவும் இல்லை. வங்கி மேலாளர் இல்லை, வாடகைக்குக் கதவைத் தட்டும் வீட்டுக்காரி இல்லை.

வீட்டுக்காரி என்றதும் ஜாய்ஸ் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டும். 1906 டிசம்பர் தொடக்கத்தில் வியா ஃப்ராத்தினா அறையைக் காலி செய்யும்படி ஆயிற்று. ஜாய்சின் இரவுக் குடி அதற்கு ஒரு காரணம். குளிர்காலத்தில், நடக்கப் பழகும் குழந்தையோடு, ஊரில் அறை தேடி அலைந்தார்கள். நோரா அப்போது இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். கடைசியில் ஆற்றங்கரையை ஒட்டிய வியா மோன்த்தே ப்ரியான்சோ தெருவில் ஓர் இடம் கிடைத்தது. ஜாய்சின் வரலாற்றை எழுதியவர்கள் இந்த நாட்களை அவருடைய துன்பமாகவே சொல்கிறார்கள். எனக்கு அது நோராவின் துன்பமாகத்தான் படுகிறது. ஜாய்ஸ் வங்கிக்குப் போய்விட்டார். குழந்தையின் பசியோடும் அழுகையோடும் அந்நிய ஊரில் பகல் முழுவதையும் கழித்தவர் நோரா.

டோருக்கும் வசதி எல்லாவற்றையும் கொடுத்துவிடவில்லை. இரண்டு குழந்தைகள் மாறி மாறி விழிக்கும் வீட்டில் தூக்கம் போய்விட்டது. குழந்தைகள் தூங்கிய நேரத்திலும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. தூக்கமின்மை அந்த நூலின் துணைத்தலைப்பிலேயே இருக்கிறது. கொடுத்த அறையில் உட்கார்ந்தால் நாவல் நகரவில்லை. பண்டைய ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினியின் 37 பாகமுள்ள ‘இயற்கை வரலாறு’ நூலை எடுத்து வாசிக்கிறார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்கிறார். குறிப்பேட்டில் எதையாவது எழுதுகிறார். பிறகு இரட்டைத் தள்ளுவண்டியைக் கல் பாவிய தெருக்களில் தடதடவென்று உருட்டிக்கொண்டு போகிறார். பாந்தியன் கோயிலின் கூரைத் துளை வழியே பனி விழுவதைப் பார்க்கக் குழந்தைகளோடு போய்க் காத்திருக்கிறார். 2005 ஏப்ரல் 2ஆம் தேதி போப் இரண்டாம் ஜான் பால் இறந்து, உலகமே ரோமில் வந்து குவிந்தபோது அந்தக் கூட்டத்துக்கு நடுவிலும் போய் நிற்கிறார்.

அந்தத் தள்ளுவண்டி அவருக்கு ஊரைத் திறந்துவிட்டது. அவருடைய இத்தாலியன் தட்டுத் தடுமாறும் இத்தாலியன்தான். ஆனால் இரட்டைக் குழந்தைகளைக் கண்டதும் முதியவர்கள் நின்றார்கள், குனிந்து கொஞ்சினார்கள், பேச்சுக் கொடுத்தார்கள். இறைச்சிக் கடைக்காரரும் ரொட்டிக் கடைக்காரரும் அந்தக் குடும்பத்தைத் தங்கள் தெருவில் சேர்த்துக்கொண்டார்கள். மறுபக்கம், ஜாய்சுக்கு இத்தாலிய மொழி கல்லூரி நாளிலேயே கைவந்த மொழி. பிற்காலத்தில் அவர் வீட்டில் குழந்தைகளோடு பேசியதே திரியெஸ்தே இத்தாலியன்தான். அப்படிப்பட்டவருக்கு ரோம் வாய்க்கவில்லை. பாட்டியின் பிணத்தைக் காட்சிக்கு வைத்துப் பிழைப்பவனைப் போன்றது இந்த நகரம் என்று தம்பிக்கு எழுதினார். அந்த வெறுப்பை ரசனைக் கோளாறு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். வங்கியை விட்டு வெளியே வரும்போது இருட்டிவிடும் ஒருவருக்கு எந்த ஊர்தான் அழகாகத் தெரியும்? நகரத்தைக் காதலிக்கப் பகல்பொழுது வேண்டும். டோருக்குப் பகல் இருந்தது.

அந்தப் பகலை டோருக்கு யார் கொடுத்தார்கள் என்பதும் நூலிலேயே இருக்கிறது. அகாதமி கொடுத்தது ஒரு பங்கு. மிச்சத்தை அவர் மனைவி கொடுத்தார். கணவர் எழுதும் அறைக்குப் போன காலைகளில் இரண்டு குழந்தைகளையும் சமாளித்தவர் அவர். சோர்வு முற்றி மருத்துவமனையில் சேரும் நிலைமைக்கும் ஆளானார். பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஒரு பெண் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்தபிறகுதான் வீடு கொஞ்சம் மூச்சு விட்டது. இதை டோர் மறைக்கவில்லை, நன்றியோடும் கவலையோடும் எழுதுகிறார். ஆனால் புத்தகம் கணவரின் கண் வழியாகத்தான் நகர்கிறது. அவர் மனைவி அதே ரோமை எப்படிப் பார்த்தார் என்பதை நாம் அறிய வழியில்லை. நோராவின் ரோமும் அப்படித்தான். அங்கும் கடிதங்கள் ஜாய்சின் கடிதங்கள்.

இனி எழுத்துக்கு வருவோம். ஏழு மாதத்தில் ஜாய்ஸ் ரோமில் எழுதி முடித்த கதை ஒன்றுகூட இல்லை. போதாக்குறைக்கு, ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பை வெளியிடுவதாக ஏற்றிருந்த லண்டன் பதிப்பாளர் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் அதே 1906 இலையுதிர் காலத்தில் கைவிட்டார். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டு கடிதங்கள் போயின. ஒன்றில், அயர்லாந்திடம் தேவைக்கு மேல் கடுமையாக நடந்துகொண்டுவிட்டேன், அதன் விருந்தோம்பலை என் கதைகளில் கொண்டுவரவே இல்லை என்று தம்பியிடம் சொல்கிறார். மற்றொன்றில், டப்ளின்காரர் ஒருவரை வைத்து ஒரு சிறுகதை எழுத நினைத்திருப்பதாகச் சொல்கிறார். பிறகு அதற்கு ‘யுலிசிஸ்’ என்று தலைப்பு வைத்தார். அந்தச் சிறுகதை தலைப்பைத் தாண்டவில்லை என்று மறுபிப்ரவரியில் அவரே ஒப்புக்கொண்டார். முதல் கடிதத்தின் மனமாற்றம் 1907 செப்டம்பரில் ‘தி டெட்’ என்ற கதை ஆயிற்று. இரண்டாம் கடிதத்தில் முளைத்த கதையின் தலைப்பு 1922இல் இருபதாம் நூற்றாண்டு நாவலின் போக்கையே மாற்றியது.

டோர் ரோமுக்குக் கொண்டுவந்தது, ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சையும் வானொலியையும் பற்றிய ஒரு நாவலின் தொடக்கம். அது அங்கே நகர மறுத்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, அணைநீரில் மூழ்கப்போகும் ஒரு கிராமத்தைப் பற்றிச் சிறுகதை எழுதினார். நாவல் 2014இல் ‘ஆல் த லைட் வீ கேனாட் சீ’ என்று வெளிவந்து அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. பத்தாண்டு உழைப்பு.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, எல்லா வசதியும் இருந்தவரும் ஒன்றும் இல்லாதவரும் அந்த ஆண்டில் தம் பெரிய படைப்பை எழுதவில்லை என்பது தெரிகிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எழுத்து பின்னுக்குப் போகிறது. அதற்காக வசதி வீண் என்று சொல்லிவிட முடியாது. வசதி இருந்ததால் டோரின் குடும்பம் அந்த ஆண்டை உடையாமல் கடந்தது. ஜாய்ஸ் குடும்பத்தின் கதி வேறு. 1907 மார்ச்சில் ரோமை விட்டுக் கிளம்பும் தறுவாயில் குடித்திருந்த ஜாய்சிடமிருந்து இருந்த பணமும் திருட்டுப் போனது. திரியெஸ்தேக்கு வெறுங்கையோடு திரும்பினார்கள். ஜூலை 26 அன்று மகள் லூசியா அந்நகரின் பொது மருத்துவமனையில் ஏழைகளுக்கான பிரிவில் பிறந்தாள். அப்போது ஜாய்ஸ் மூட்டுவாதக் காய்ச்சலில் படுத்திருந்தார்.

வறுமையில்தான் மேதைமை பிறக்கும் என்று இதை வைத்து வாதிடுபவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அந்த வாதத்தை நான் முழுமூச்சாக மறுக்கிறேன். ‘தி டெட்’ பசியால் விளைந்த கதை அல்ல. அயர்லாந்தை விட்டு விலகி நின்று அதை மறுபடி நினைத்ததாலும், கால்வே ஊரில் நோராவை நேசித்து இளம் வயதில் இறந்துபோன ஒருவனைப் பற்றி நோரா சொன்ன நினைவாலும் விளைந்தது. அந்தக் கதையின் உயிர் நோராவுடையது. பசி அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தது அலைச்சல் மட்டுமே.

ஒரு விஷயத்தில் மட்டும் டோர் ஜாய்சைத் தாண்டியிருக்கிறார் என்பது என் முடிவு. ஜாய்சுக்குக் குழந்தை கடிதத்துக்குரிய செய்தி, ரோமில் அவர் கருக்கொண்ட கதைக்குரிய பொருள் அல்ல. டோருக்கு இரண்டு குழந்தைகளும்தான் புத்தகத்தின் மையம். பால் புட்டி, பல் முளைத்தல், முதல் அடி ஆகியவை பெர்னினியின் சிற்பங்களுக்கும் போப்பின் இறுதி ஊர்வலத்துக்கும் சமமாக அங்கே இடம் பெறுகின்றன. ஓர் ஆண் எழுத்தாளர் தன் எழுதாத நாட்களை, தொட்டில் பக்கத்தில் போன இரவுகளை, இலக்கியமாகவே எழுதலாம் என்று அந்த நூல் காட்டுகிறது. ‘தி டெட்’ எட்டிய உயரத்தை அது எட்டவில்லை. ஆனால் எழுத்தாளரின் ஓராண்டு உண்மையில் எதில் கழிகிறது என்பதை அது நேர்மையாகச் சொல்கிறது.

எழுத்தாளர்களுக்கு உறைவிடமும் நல்கையும் கொடுக்கும் நிறுவனங்கள் இந்த இரண்டு ரோம்களையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். எழுத ஒரு மேசையும் தனி அறையும் கொடுத்தால் போதும் என்று நினைக்கும் திட்டம், குழந்தை உள்ளவர்களை, அதிலும் முக்கியமாகப் பெண்களை, வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. குடும்பத்தோடு தங்க இடம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், அதற்குத் தனி நிதி ஆகிய மூன்றும் நல்கையின் பகுதியாக வேண்டும். அந்த ஆண்டிலேயே புத்தகம் வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிடுங்கள். ‘யுலிசிஸ்’ 16 ஆண்டு கழித்து வந்தது, டோரின் நாவல் பத்தாண்டு கழித்து வந்தது.