சாவிக்கொத்தும் சட்டப் புத்தகமும்

ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறீர்கள். அப்படியொன்றும் தூரமில்லை, கொஞ்ச நேரத்தில் கோபுரம் தெரிந்துவிடும். முன் சீட்டில் ஒரு தாயும் மகளும். ஆண்டாளிடம் வேண்டிக்கொண்டால் கல்யாணம் கூடிவரும் என்று கிளம்பியவர்கள் என வைத்துக்கொள்ளுங்களேன். திடீரென்று அந்தப் பெண்ணின் கண்கள் மேலே செருகுகின்றன. கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. பஸ்ஸுக்குள் என்ன குரல் எழும்? ‘யாராச்சும் சாவிக்கொத்து குடுங்கப்பா!’

சாவியைக் கையில் திணித்த இரண்டு நிமிஷத்தில் வலிப்பு நின்றுவிடும். திணிக்காவிட்டாலும் நின்றிருக்கும். பெரும்பாலான வலிப்புகள் தானாகவே அடங்கிவிடுபவை. நல்ல பேர் மட்டும் சாவிக்கு!

‘வலிப்பு தெய்வக் குற்றமல்ல, மூளையில் வருகிற வியாதி’ என்று சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்பே கிரேக்க வைத்தியர்கள் எழுதிவிட்டார்கள். ஆனால், அந்த மூளையைத் திறந்து பார்க்கிற தைரியம் வர ரொம்ப காலம் ஆனது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற சர்ஜன், நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையோட்டைத் திறந்து, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். (பதறாதீர்கள். தலைத் தோலை மரத்துப்போக வைத்தால் போதும், மூளைக்கு வலி தெரியாது.) ஓரிடத்தில் தொட்டால் விரல் அசைந்தது. இன்னோரிடத்தில் தொட்டால் பேச்சு நின்றது. அந்த இடங்களை விட்டுவிட்டு, வலிப்பைக் கிளப்புகிற தழும்பை மட்டும் வெட்டி எடுத்தார்.

அவரிடம் தொழில் கற்று, 1949-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. கோட்டயத்துக்காரர். டாக்டருக்குப் படித்தது நம்ம சென்னையில். 1952, ஆகஸ்ட் 25. அவர் முன்னால் 19 வயது இளைஞர் ஒருவர். சிசுப் பருவத்திலேயே வலது பக்கம் விழுந்துவிட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு வேறு. அவருக்குச் செய்ததுதான், வலிப்புக்காக இந்தியாவில் நடந்த முதல் மூளை ஆபரேஷன் என்று பதிவாகியிருக்கிறது.

வலது பக்கம் விழுந்தால் அடிபட்டது இடது மூளை. நம்மில் பெரும்பாலோருக்குப் பேச்சு இருப்பதும் அங்கேதான். ஆனால், சிசுவின் மூளை லேசுப்பட்டதல்ல! வளர்கிற வயதில் இடது பக்கம் கெட்டுப்போனால், பேச்சு வேலையை வலது பக்கம் எடுத்துக்கொண்டுவிடும். அதே அடி 50 வயதில் பட்டால் இந்தச் சலுகை கிடையாது. இந்தத் தெம்பில்தான், 1950-ல் தென்னாப்பிரிக்காவின் டாக்டர் கிரைனாவ், இப்படி அடிபட்ட பாதி மூளையையே எடுத்துவிட்டு, 12 பேரைப் பற்றி அறிக்கை எழுதினார்.

இத்தனையும் தெரிந்த பிறகு நம் நாடாளுமன்றம் ஒரு காரியம் செய்தது. 1976-ல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தி, அடிக்கடி பைத்தியமோ வலிப்போ வருகிறவர் மணம் முடிக்கத் தகுதியில்லாதவர் என்று சேர்த்தது. இரண்டும் ஒரே வரியில்! விளைவு? வியாதியை மறைத்துக் கல்யாணம், மாத்திரையை ஒளித்துக் குடித்தனம். மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரும், குட்டு உடையும், கேஸ் கோர்ட்டுக்குப் போகும். ‘வலிப்பு’ என்ற அந்த ஒற்றை வார்த்தையை நீக்க 1999 வரை ஆயிற்று.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். அந்தப் பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்கள். அநேகமாக அதற்குள் கண் விழித்துவிடுவாள். விழித்ததும் அம்மாவிடம் முதலில் என்ன கேட்பாள் தெரியுமா? ‘யாராச்சும் பாத்தாங்களாம்மா?’